பொதுக் காரியமும் பொறுப்பும்

அமெரிக்காவில் ராணுவமும், நோவா என்னும் கடல்-வளிமண்டல நிர்வாகமும் துருவங்களின் மேலாகச் சுற்றும் வானிலைச் செயற்கைக்கோள்களைத் தனித்தனியே ஏவி வந்தது வீண்செலவென்று கருதி, நாசாவையும் உடன்சேர்த்து ஒரே திட்டமாக நடத்தும்படி 1994-இல் ஜனாதிபதி கிளிண்டன் உத்தரவிட்ட நோக்கத்தில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால், செலவு கைமீறிப் போனதும், 2006-இல் கத்தி விழுந்தது சீதோஷ்ண ஆராய்ச்சிக்கான கருவிகளின் மேல். சூரியனிடமிருந்து பூமிக்கு வந்துசேரும் சக்தியை அளக்கும் கருவியும் அவற்றுள் ஒன்று. இத்தகைய கருவிகளில் பழையது ஓயுமுன் புதியது மேலே சென்று, இரண்டும் சிலகாலம் ஒருங்கே அளந்து, ஒன்றன் கணக்கை மற்றொன்றோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தாலன்றிப் பல்லாண்டுப் பதிவின் தொடர்ச்சி அறுந்துபோகும் என்ற நியாயம், அன்றாடத் தேவைகளின் அவசரத்துக்கு முன் எடுபடவில்லை. 2010-இல் கூட்டுத் திட்டமே கலைந்து, ராணுவமும் சிவில் இலாகாக்களும் தத்தம் வழியே பிரிந்தன. ஆகவே, பல இலாகாக்களை ஒரு கூரையின்கீழ்க் கூட்டும் எந்த அரசாங்கமும், இன்ன அளவீட்டை இடையறாது காப்பது இன்ன ஸ்தாபனத்தின் கடமையென்று முதலிலேயே நிர்ணயித்து, அதற்குரிய பணத்தைப் பிறர் தொட முடியாதபடி ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.