கேமராவுக்கு எட்டாத திருட்டு

தோ பாயோ காப்பிக்கடைகளில் கைப்பேசியை மேசைமேல் வைத்து இடம் பிடித்துவிட்டு, உணவு வாங்கப் போகிறவர்கள் உண்டு. நம் வட்டாரங்கள் அவ்வளவு பாதுகாப்பானவை. 2012 முதல் வீவக புளோக்குகளின் மின்தூக்கிக் கூடங்களில் காவல்துறைக் கேமராக்களும் பொருத்தப்பட்டன. ஆனால், இன்று பணத்தைப் பறிக்க யாரும் புளோக்குக்குள் நுழைய வேண்டியதில்லை; ஒரு தொலைபேசி அழைப்பு போதும். 2024இல் மட்டும் மோசடிக்காரர்களிடம் சிங்கப்பூரர்கள் இழந்தது 100 கோடி வெள்ளிக்கும் மேல். வீட்டில் தனியாக இருக்கும் தாத்தாவை ‘வங்கி அதிகாரி’ ஒருவர் அழைத்து மிரட்டினால், கீழ்த்தளக் கேமரா என்ன செய்யும்? அண்டை வீட்டாரால்தான் ஏதாவது செய்ய முடியும் என்பேன். பணம் அனுப்பும் முன் அழைத்துக் கேட்க வேண்டிய 1799 என்ற எண்ணைப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எழுதிக் கொடுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தில், தொலைபேசிக்கு அருகிலேயே ஒட்டிவிடுங்கள்.