நானூறு பீரியட் முடிந்தும் ஒரு காக்காய் வரவில்லை

எந்த ஊர் ஸ்கூலிலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு பேப்பரைக் கொடுத்து "ஏதாவது வரை" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதி சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் வீடு, ஒரு தென்னை மரம், வானத்தில் டிக் அடித்த மாதிரி நாலு பறவை. நான் இருக்கும் நாக்பூரிலும் இதே படம்தான். இங்கே அந்த மாதிரி மலையும் இல்லை, ஆறும் இல்லை. சீசனில் தெருவெல்லாம் ஆரஞ்சு வண்டி நிற்கிறது. அதை வரைந்த பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

பாங்க்காரன் புத்தி, கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி ஐந்தாம் வகுப்பு வரை வருடத்துக்கு 200 வேலை நாள். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 40 வாரம். கலைக்கு வாரம் இரண்டு பீரியடாவது கட்டாயம் என்று சி.பி.எஸ்.இ. 2019-ல் சொல்லிவிட்டது. ஆக வருடத்துக்கு 80, ஐந்து வருடத்துக்கு 400 பீரியட். 400 தவணை கட்டிய பிறகும் அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை என்றால் எங்கள் கவுண்டரில் கஸ்டமர் சும்மா இருப்பாரா? நாம் மட்டும் ஏன் சும்மா இருக்கிறோம்?

அந்த 400 பீரியடில் என்ன நடக்கிறது? அச்சடித்த படத்துக்கு கோட்டுக்கு வெளியே போகாமல் கலர் அடிப்பது. போர்டில் டீச்சர் போட்டதைக் காப்பி அடிப்பது. இல்லையென்றால், "போர்ஷன் முடியலை" என்று அந்த பீரியடை மேத்ஸ் மிஸ் எடுத்துக்கொள்வது. 'ப்ராஜெக்ட்' என்ற பெயரில் ராத்திரி பதினோரு மணிக்கு அம்மாக்கள் தெர்மாகோல் வெட்டுவது தனிக் கதை.

என் மகள் இரண்டாம் வகுப்பில் யானைக்கு ஊதா அடித்தாள். சிவப்பு இங்கில் சுழித்து 'ராங் கலர்' என்று வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு கிரேயானையும் எடுக்குமுன், "அப்பா, இது சரியா?" என்று கேட்க ஆரம்பித்தாள். என் கோபமெல்லாம் இதில்தான். படம் நன்றாக வராவிட்டால் குடி முழுகாது. ஏழு வயசில் தன் கண்ணை நம்பாமல் அடுத்தவரிடம் அனுமதி கேட்கப் பழகுவது சின்ன நஷ்டமா?

"ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறென்ன செய்ய?" என்பார்கள். செலவே இல்லாமல் செய்ய எவ்வளவோ இருக்கிறது.

ஒன்று: இலையை நரம்புப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, மேலே பேப்பர் போட்டு, கிரேயானைப் படுக்க வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். வேப்பிலையும் அரச இலையும் ஒன்றில்லை என்று விரலுக்கே தெரியும்.

இரண்டு: வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி கலரில் தொட்டு அச்சு வைத்தால் பூ.

மூன்று: பச்சைக் கலரைக் கொடுக்காதீர்கள். நீலமும் மஞ்சளும் மட்டும் கொடுத்து, எத்தனை பச்சை வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் தூளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கும் நம் வீட்டுக்குத் தெரியும். வகுப்புக்கு அது மேஜிக்.

நான்கு: அவரவர் செருப்பை முன்னால் வைத்து, அதைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். காப்பி அடிக்கவே முடியாது!

ஐந்து: வார்லி. இரண்டு முக்கோணத்தை முனையோடு முனை சேர்த்தால் உடம்பு, மேலே வட்டம் வைத்தால் தலை. மண் சுவரில் அரிசி மாவால் வரைந்த இந்தக் கலையைப் பேப்பருக்குக் கொண்டுவந்த ஜிவ்யா சோமா மாஷேக்கு 2011-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. நம்ம கோலமும் அரிசி மாவுதானே? மராத்திப் பிள்ளை ரங்கோலி போடட்டும், நம்ம பிள்ளை ஐந்து புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் சொல்லிக்கொடுக்கட்டும். ஹிந்தி தடுமாறும் பிள்ளைக்கு அந்த ஒரு பீரியடாவது வகுப்பில் மரியாதை கிடைக்கும். ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு அதன் மதிப்பு தெரியாதா?

இதெல்லாம் புதுசும் இல்லை. இங்கே பக்கத்து மாவட்டம் வார்தாவில் இருக்கும் சேவாகிராமத்துக்கு, சாந்திநிகேதனில் படித்த தேவி பிரசாத் 1944-ல் ஓவிய ஆசிரியராக வந்தார். கல்விக்கு அடிப்படையே கலைதான் என்று பிற்பாடு புத்தகமே எழுதினார். பத்தாம் வகுப்பு வரை கலை ஒரு பாடமாக வேண்டும் என்று 2005-ன் தேசியக் கலைத்திட்டமும் சொன்னது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது, கிளாஸில்தான் இல்லை.

"வரைந்து என்ன சம்பாதிக்கப் போகிறான்?" என்று கேட்கும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. கணக்கு படிக்கிற பிள்ளையெல்லாம் ராமானுஜன் ஆகிவிடுகிறதா? ஆனாலும் கணக்கு பீரியடை யாராவது பிடுங்கினால் விடுவீர்களா?

அடுத்த பேரண்ட்ஸ் மீட்டிங்கில் மார்க்கை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். டிராயிங் நோட்டை வாங்கிப் பாருங்கள். நாற்பது பிள்ளைகளின் நோட்டிலும் ஒரே படம் இருந்தால், "இதில் என் பிள்ளை வரைந்தது எது?" என்று கேளுங்கள். ஃபீஸ் கட்டுகிறோம், கேட்கலாம்.