பழைய தோல் கதிரைக்குப் புது நிறம்

மழைக்காலம் முடிந்ததும் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: "இந்தத் தோல் செற்றியை யாருக்காவது கொடுத்துவிடுவோம்." நிறம் வெளிறி, கைபிடி வெடித்து, பின்பக்கம் பூஞ்சணம் பிடித்திருக்கும். 2022 நெருக்கடிக்குப் பின் தளபாடங்களின் விலை உங்களுக்குத் தெரியும். நல்ல தோலைக் கொடுத்துவிட்டு, சில வருடங்களில் உரியப்போகும் றெக்சினை வாங்குவது எந்தக் கணக்கில் இலாபம்?

முதலில் அது உண்மையில் தோல்தானா என்று பாருங்கள். கதிரையைக் கவிழ்த்து, அடியில் ஆணி அடித்த ஓரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். தோலின் உட்புறம் நார்நாராக, மெத்தென்று இருக்கும். றெக்சினின் உட்புறம் துணி. தோல் கழிவை அரைத்து ஒட்டிச் செய்யும் மூன்றாவது வகையும் உண்டு. அதையும் 'லெதர்' என்றே விற்கிறார்கள். மேற்பரப்பு செதில் செதிலாக உரிந்தால் நிறம் பூசி மினக்கெட வேண்டாம், உறை தைத்துப் போடுங்கள்.

அடுத்து, மறைவான இடத்தில் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். உடனே ஊறிக் கறுத்தால் அது மேற்பூச்சில்லாத தோல். அதை அனுபவமுள்ளவரிடம் விடுவது நல்லது. துளி அப்படியே நின்றால் மேற்பூச்சு உள்ளது. நமது வீடுகளில் பெரும்பாலும் இருப்பது இதுதான். கீழே சொல்வதும் இதற்கே.

பூஞ்சணத்தை வீட்டுக்குள் தட்டாதீர்கள். தொய்வு உள்ள பிள்ளைகளுக்கு அந்தத் தூசி ஆகாது. கதிரையை வெளியே நிழலில் வைத்து, மூக்கு வாயை மூடிக்கொண்டு, வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். வெயிலில் காயவைத்தால் தோல் விறைத்து வெடிக்கும்.

தேங்காய் எண்ணெய் பூசும் வழக்கம் ஒன்று உண்டு. அன்றைக்குப் பளபளக்கும், உண்மைதான். ஆனால் எண்ணெய் ஊறிய தோலில் நிறம் பிடிக்காது, தூசிதான் பிடிக்கும். இதை எங்கள் மாமிக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு வாரம் சென்றது. அது காலஞ்சென்ற மாமா இருந்த கதிரை. எண்ணெய் பூசுவது அவருக்கு அவருடைய தலையைத் தடவிவிடுவது போல.

நிறம் பூச ஈரமில்லாத நாட்களாகப் பாருங்கள். சவர்க்காரத் தண்ணீரில் பிழிந்த துணியால் அழுக்கை எடுத்து, காய்ந்தபின் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றால் துடையுங்கள். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், அடுப்பு பக்கத்தில் வேண்டாம். துணியில் பழைய நிறம் சிறிது ஏறினால் பயப்படாதீர்கள், புது நிறம் பிடிக்க அது தேவை. சொரசொரப்பான இடத்தை 600 இலக்க சான்ட் பேப்பரால் இலேசாகத் தேய்க்கலாம்.

வாங்க வேண்டியது தோலுக்கென்றே வரும், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் நிறம். கதவுக்கு அடிக்கும் எனாமல் பெயின்ற் தோலோடு வளையாது, வெடித்துவிடும். சப்பாத்துப் பொலிஷ் சேலையில் ஒட்டும். கடும் நிறத்தின் மேல் இள நிறம் ஏறுவது கஷ்டம் என்பதால், பழைய நிறத்தையோ அதைவிடச் சற்றுக் கடுமையானதையோ தெரிவு செய்யுங்கள். மாமி தெரிவு செய்தது கடும் மண்ணிறம்.

ஸ்பொஞ்சுத் துண்டால் மிக மெல்லியதாக மூன்று நான்கு தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பின்பே அடுத்தது. முதல் தடவையில் திட்டுத்திட்டாக, அசிங்கமாகத்தான் தெரியும். அவசரப்பட்டுத் தடிப்பாக அப்பிவிடாதீர்கள். கடைசியாக நிறமில்லாத மேற்பூச்சு. காசு மிச்சம் பிடிக்க இதை விட்டால், தலையும் கையும் படும் இடங்கள் முதலில் வெளிறும். இரண்டு நாள் ஒருவரையும் அதில் இருக்க விடாதீர்கள்.

ஒரு வாரம் கழித்து, தோலுக்கான தேன்மெழுகுக் கிரீமை மெல்லியதாகத் தேய்த்துத் துடையுங்கள். சிந்திய தேநீரையும் சாரலையும் துடைத்தெடுக்க அவகாசம் கிடைக்கும். அதற்காக விறாந்தையில் நனையவிடலாம் என்று எண்ண வேண்டாம். எந்த மெழுகும் தையல் துவாரத்தை முழுதாக அடைக்காது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், பின்னால் காற்றோடட்டும். வடக்கு, கிழக்கில் உள்ளவர்கள் ஒக்ரோபருக்கு முன்பும், கொழும்பு, காலிப் பக்கத்தவர்கள் மே மாதத்துக்கு முன்பும் வருடம் ஒருமுறை மெழுகு தேய்த்தால் போதும்.