ரூபாய் நோட்டில் ஏற வேண்டிய மலை ரயில்

பத்து ரூபாய் நோட்டின் பின்பக்கம் கோனார்க் சூரியக் கோயில். இருபதில் எல்லோரா, ஐம்பதில் ஹம்பியின் கல்தேர், நூறில் குஜராத்தின் ராணி கி வாவ் படிக்கிணறு, இருநூறில் சாஞ்சி ஸ்தூபி, ஐந்நூறில் செங்கோட்டை. ஆறுமே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றவை. ராணி கி வாவ் 2014இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. நான்கே ஆண்டுகளில், 2018இல், நூறு ரூபாய் நோட்டுக்கு வந்துவிட்டது. நீலகிரி மலை ரயில் 2005இலேயே பட்டியலில் சேர்ந்துவிட்டது. நோட்டுக்கு மட்டும் இன்னும் வரவில்லை.

வர வேண்டும். அதற்கு ஊட்டியின் மீதுள்ள பாசம் மட்டும் காரணமல்ல.

நோட்டில் இருக்கும் ஆறு இடங்களும் பெருமைக்குரியவை, ஐயமில்லை. ஆனால் அவை எந்த வேலைக்காகக் கட்டப்பட்டனவோ அந்த வேலை முடிந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. மலை ரயில் அப்படியல்ல. பாதை போட்ட நாளில் எதற்காகப் போட்டார்களோ, அதே வேலையை இன்றும் செய்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இல் பாதை திறந்தது. 1908இல் ஊட்டியை எட்டியது. மொத்தம் 46 கிலோமீட்டர்தான். அதற்குள் 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டருக்கு ஏறியாக வேண்டும். 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். கல்லாறு தாண்டியதும் 12 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் ஏற்றம் செங்குத்தாகிறது. வழக்கமான தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால், இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டு பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வரும். இன்ஜினின் அடியிலுள்ள பல்சக்கரம் அவற்றைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. நீராவி முதலில் ஒரு ஜோடி சிலிண்டரில் புகுந்து சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். அங்கிருந்து வெளியேறும் அதே நீராவி அடுத்த ஜோடிக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். இன்ஜின் பெட்டிகளை முன்னாலிருந்து இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. பெட்டிக்கு ஒருவராக பிரேக்ஸ்மேன்கள் நின்று பிரேக்கைக் கையால் இயக்குகிறார்கள். இந்தியாவில் பல்சக்கரப் பாதை வேறெங்கும் கிடையாது. டார்ஜிலிங்கும் கால்கா–சிம்லாவும் இதே பாரம்பரியப் பட்டியலில் இருந்தாலும் அங்கே பல்சக்கரம் இல்லை.

மெல்லிய கோடுகளாலேயே உருவாகும் நோட்டு ஓவியத்துக்கு இந்தப் பற்களும் தண்டுகளும் எவ்வளவு பொருத்தம்!

ரயிலை நோட்டில் அச்சிடுவது புதுமையும் அல்ல. 1990இல் இங்கிலாந்து வங்கி வெளியிட்ட 5 பவுண்டு நோட்டில் ரயில் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீபன்சனும் ‘ராக்கெட்’ நீராவி இன்ஜினும் இடம்பெற்றன. பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து 2007இல் தன் 10 பவுண்டில் கிளென்ஃபின்னன் ரயில் பாலத்தையும், 20 பவுண்டில் ஃபோர்த் ரயில் பாலத்தையும் வைத்தது. கனடாவின் 2013ஆம் ஆண்டு 10 டாலரில் ராக்கி மலைகளினூடே ‘தி கனேடியன்’ ரயில் ஓடுகிறது. பக்கத்து நாடான பாகிஸ்தானும் 1970களில் தன் 5 ரூபாய் நோட்டில் பலுசிஸ்தானின் கோஜாக் ரயில் சுரங்கத்தை அச்சிட்டது.

கோஜாக்கைத் தோண்டுவித்தது ஆங்கிலேய அரசு. சுதந்திர நாடான பாகிஸ்தானுக்கு அது தடையாகத் தெரியவில்லை. வெள்ளைக்காரன் போட்ட பாதையை நம் நோட்டில் ஏன் போட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அதுவே பாதிப் பதில். மீதிப் பதில் திருச்சி பொன்மலையில் இருக்கிறது. 1914 முதல் இந்தப் பாதைக்கு எக்ஸ் வகை இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரிலிருந்து வந்தன. 2011க்குப் பிறகு அதே வகை நீராவி இன்ஜின்களைப் பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்கள் புதிதாகவே செய்து மலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். உலகமே நீராவியைக் கைவிட்ட பிறகு நீராவி இன்ஜின் செய்யும் கைத்திறன் இது. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடும்போதெல்லாம் அதைச் சீரமைத்து ரயிலை மறுபடி ஓடவிடுபவர்களும் இந்த மண்ணின் உழைப்பாளிகள்தான்.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. 1954இல் வந்த ஆயிரம் ரூபாய் நோட்டில் தஞ்சைப் பெரிய கோயில் இருந்தது. 1978இல் அந்த நோட்டு செல்லாததாக்கப்பட்டது. இப்போதைய வரிசையில் தமிழ்நாட்டு இடம் ஒன்றுகூட இல்லை. மலை ரயிலுக்கு 1993இல் அஞ்சல்தலை கிடைத்தது. ஆனால் அஞ்சல்தலையை இன்று எத்தனை பேர் தொடுகிறார்கள்? 2003இல் இந்திய ரயில்வேயின் 150ஆம் ஆண்டு நாணயத்தில் வந்ததும் விளக்கேந்திய ‘போலு’ யானைச் சின்னம்தான், ரயில் அல்ல.

நோட்டில் வருவதானால் பெரிய மதிப்பில் வேண்டாம். ஐந்நூறு ரூபாய் பீரோவுக்குள் போய்விடும். பத்தும் இருபதும்தான் டீக்கடையில், பஸ்ஸில், பசுந்தேயிலை பறிப்பவர்களின் சுருக்குப்பையில் நாள் முழுக்கப் புழங்குபவை. படத்தில் இன்ஜினும் பல்பட்டையும் மட்டும் இருந்தால் போதாது. பெட்டியில் நிற்கும் பிரேக்ஸ்மேனும் இருக்க வேண்டும்.

1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம், 25ஆம் பிரிவின்படி, நோட்டின் வடிவமைப்பை வங்கியின் மத்திய வாரியம் பரிந்துரைக்க வேண்டும், மத்திய அரசு ஒப்புதல் தர வேண்டும். அடுத்த வரிசை நோட்டுகளுக்கான பேச்சு தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசும் தென்னக ரயில்வேயும் இணைந்து இப்போதே ஒரு கோரிக்கையை எழுதலாம். நீலகிரியின் நாடாளுமன்ற உறுப்பினர் அதை மக்களவையில் எழுப்பலாம்.