முதல் கத்தி யார் கையில்?

சித்தியின் மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது வீட்டில் யாரும் பதறவில்லை. எங்கள் ஊரில் அறுவைச் சிகிச்சைக்குப் பேர்போன மருத்துவர் ஒருவர் இருந்தார். குடல்வால், பித்தப்பை, குடலிறக்கம் என்று ஊரில் பாதிப் பேர் வயிற்றில் அவர் போட்ட தையல் இருக்கும். கைராசிக்காரர். "சின்னக் கட்டிதாம்மா, எடுத்துடலாம்" என்றார். எடுத்தார். ஃபார்மலின் ஊற்றிய டப்பாவைச் சித்தப்பா மஞ்சப்பையில் வைத்துப் பக்கத்து ஊர் லேபில் கொடுத்துவிட்டு வந்தார். பத்து நாள் கழித்து வந்த தாளில் புற்றுநோய் என்று இருந்தது.

பெரிய மருத்துவமனையில் கேட்ட கேள்விகளுக்கு எங்களிடம் பதில் இல்லை. வெட்டுவதற்கு முன் கட்டி என்ன அளவு? மம்மோகிராம் படம் எங்கே? அக்குளில் நெறி இருந்ததா? எடுத்த கட்டியில் எது மேல் ஓரம், எது கீழ் ஓரம் என்று நூல் கட்டி அடையாளம் வைத்தார்களா? கட்டி இப்போது இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு தழும்பு மட்டும் இருந்தது. எந்தப் பக்கம் மிச்சம் இருக்கிறது என்று தெரியாததால் மார்பகம் முழுவதையும் எடுத்தார்கள். சித்தி பிழைத்துக்கொண்டார். முதல் மருத்துவரும் கெட்டவர் அல்ல, பணத்துக்காகச் செய்தவரும் அல்ல. ஒரு கட்டியை எப்படி எடுப்பது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதை அன்றைக்கு எடுக்கலாமா என்பதுதான் அவர் கேட்டுக்கொள்ளாத கேள்வி.

மார்பகப் புற்றுநோய் அறுவையில் கத்தி பிடிப்பதைவிடக் கடினமான வேலை, கத்தியை எப்போது எடுப்பது, எவ்வளவு வெட்டுவது, வெட்டத்தான் வேண்டுமா என்று முடிவெடுப்பது. இதை மருத்துவ உலகம் எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பகத்தோடு அதன் அடியில் உள்ள தசைகளையும் அக்குள் நெறிகளையும் சேர்த்து எடுத்தார். அடுத்த முக்கால் நூற்றாண்டுக்கு அதுவே சட்டம்போல் நின்றது. பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்தி, கட்டியில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்து, புற்று என்றால் அதே மேசையில் மார்பகத்தையும் எடுத்துவிடுவார்கள். கண் விழித்துத் தொட்டுப் பார்க்கும்போதுதான் அவளுக்கே தெரியும். 1974இல் தன் மார்பில் கட்டியைக் கண்ட அமெரிக்கப் பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர் இதற்கு உடன்பட மறுத்தார். முதலில் பயாப்சி மட்டும், மற்றதைப் பிறகு நான் முடிவு செய்கிறேன் என்றார். அதற்குச் சம்மதிக்கும் அறுவை மருத்துவரைத் தேடி அலைய வேண்டியிருந்தது. பரிசோதனையும் அறுவையும் தனித்தனியாக நடக்க வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய குழு 1979இல்தான் சொன்னது.

பிறகு பிட்ஸ்பர்க்கின் பெர்னார்ட் ஃபிஷரும் மிலானின் உம்பர்டோ வெரொனேசியும் தனித்தனியே நடத்திய ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002இல் வெளியாயின. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்த பெண்களும் மார்பகம் முழுவதையும் இழந்த பெண்களும் ஒரே அளவு காலம் உயிரோடிருந்தார்கள். நம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, முற்றிய கட்டிகளுக்கு முதலில் கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்துச் சுருக்கிவிட்டுப் பிறகு அறுவை செய்யும் முறையைப் பல ஆண்டுகளாகக் கையாண்டிருக்கிறது. நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவியிருந்தால் மார்பகத்தை எடுப்பதால் ஆயுள் நீளவில்லை என்று 350 பெண்களை வைத்து மும்பை டாடா நினைவு மருத்துவமனை செய்த ஆய்வு 2015இல் காட்டியது. இவையெல்லாம் தெரிந்தவர் கையில்தான் முதல் கத்தி இருக்க வேண்டும்.

அப்படியானால் யார் நிபுணர்? பெயருக்குப் பின்னால் எம்.சிஎச். என்ற அறுவைத் துறை உயர்பட்டம் இருப்பது ஒரு தொடக்கம்தான். இதற்கு எனக்குத் தெரிந்து நல்ல விடை தந்தது ஸ்காட்லாந்து. அந்நாட்டின் மேற்குப் பகுதியில் 1980 முதல் 1988 வரை மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட 3,786 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 1996இல் வெளியானது. நிபுணரிடம் போனவர்களில் 5 ஆண்டுகள் கழித்து உயிரோடிருந்தவர்கள் மற்றவர்களைவிட 9 சதவீதம் அதிகம். வயது, கட்டியின் அளவு, நெறியில் பரவல், வசதி என எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பின்னும் இறப்பு அபாயம் 16 சதவீதம் குறைந்திருந்தது. அந்த ஆய்வில் நிபுணர் என்று யாரைச் சொன்னார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். மார்பகத்துக்கென்றே தனிப் புறநோயாளர் பிரிவு நடத்தியவர், நோய்க்கூறு மருத்துவரோடும் புற்றுநோய் மருத்துவரோடும் சேர்ந்து வேலை செய்தவர், தன் நோயாளிகளைப் பற்றித் தனிப் பதிவேடு வைத்திருந்தவர், ஆய்வுகளில் பங்கெடுத்தவர். கை எவ்வளவு வேகம் என்று யாரும் அளக்கவில்லை.

1995இல் கிளாஸ்கோவில் எல்லா மார்பகப் புற்றுநோயாளிகளையும் ஒரு மருத்துவக் குழு கூடிப் பேசி முடிவெடுக்கும் ஏற்பாடு வந்தது. அதுவரை அங்கே இந்நோயால் இறப்பு சுற்றுவட்டாரத்தைவிட 11 சதவீதம் அதிகமாக இருந்தது. அதன்பின் 18 சதவீதம் குறைவானது. எத்தனை புது மருந்துகள் வந்தாலும் இந்த எண்கள் எனக்கு வியப்பாகவே இருக்கின்றன. ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து பேசியது உயிர்களைக் காத்திருக்கிறது.

நம்மூரில் அந்த மேசைக்கு ட்யூமர் போர்டு என்று பெயர். அறுவை செய்யப்போகிறவரிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது அதைத்தான்: "எங்க ரிப்போர்ட்டை ட்யூமர் போர்டுல வெச்சுப் பேசுவீங்களா, டாக்டர்?" அடுத்து, வருடத்துக்கு எத்தனை மார்பகப் புற்று அறுவை செய்கிறீர்கள் என்று. ஐரோப்பிய மார்பகப் புற்றுநோய் நிபுணர் சங்கம் ஒரு மார்பகப் பிரிவுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 150 புதிய நோயாளிகள், ஒரு மருத்துவருக்கு 50 அறுவைகள் என்று வரையறுத்திருக்கிறது. கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் நம் வீடுகளில் பெரிது. கணக்கு வைத்திருப்பவர் கோபப்பட மாட்டார். அக்குள் நெறிகளை மொத்தமாக வாருவாரா, சாயம் செலுத்தி முதல் நெறியை மட்டும் எடுத்துப் பார்ப்பாரா என்பதும் கேட்க வேண்டியது. நெறிகளை மொத்தமாக இழந்து, காலமெல்லாம் கை வீங்கி, தண்ணீர்க் குடம் தூக்க முடியாமல், ரவிக்கைக் கை நுழையாமல் வாழும் பெண்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், தடித்த ஊசியால் திசு எடுத்துச் செய்யும் பயாப்சியும், அதில் ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 புரதம் பற்றிய விவரமும் கைக்கு வராமல் யாரும் மேசையில் படுக்கக் கூடாது. ஊசி குத்தினால் பரவிவிடும் என்ற பேச்சுக்கு அஞ்சி இதைத் தவிர்த்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பேச்சில் உண்மை இல்லை.

"நாளைக்கே அட்மிட் ஆயிடுங்க" என்று அவசரப்படுத்தும் இடத்திலிருந்து எழுந்து வெளியே வரலாம். மார்பகப் புற்று ஓர் இரவில் வளர்ந்ததல்ல; இன்னொரு மருத்துவரைப் பார்க்க ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொள்வதால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. நாட்டு மருந்து, நேர்த்திக்கடன், மகள் கல்யாணம் என்று மாதக் கணக்கில் தள்ளுவது வேறு விஷயம். அறுவையை ஒவ்வொரு 4 வாரம் தள்ளும்போதும் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுவதாக 2020இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு கணித்திருக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது அந்தப் பெண் அல்ல. கணவர், அண்ணன், மருத்துவம் படித்த யாரோ ஒரு மருமகன். "அம்மாவுக்குத் தெரிய வேணாம் டாக்டர்" என்று வராந்தாவில் நின்று ஆண்கள் பேசி முடிப்பார்கள். அந்த அம்மா உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சித்தியிடமும் யாரும் கேட்கவில்லை. மார்பகத்தை வைத்துக்கொண்டு தினமும் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வாரக்கணக்கில் நகரத்தில் தங்க முடியுமா, அல்லது முழுவதும் எடுத்துவிடலாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான். "இந்த வயசுல எதுக்கு" என்று மற்றவர்கள் சொல்லக் கூடாது. கூட வந்தவர்களை உட்காரவைத்துவிட்டு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற மருத்துவர் கிடைத்தால் அவரை விடக் கூடாது.

இத்தனையையும் பயந்துபோன ஒரு குடும்பம் தானே தெரிந்துகொண்டு தேட வேண்டும் என்பது நியாயமில்லை. எந்த மருத்துவமனையில் ஆண்டுக்கு எத்தனை மார்பக அறுவைகள், எத்தனை பேருக்கு மார்பகம் காக்கப்பட்டது என்ற விவரத்தை அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற வேறுபாடின்றி வெளியிடச் செய்ய வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் கொடுப்பது அரசு. நிபந்தனை போடும் உரிமையும் அதற்கு உண்டு. ஆனால் புற்றுநோய் என்ற பெயரில் வரும் கோப்புகளை மட்டும் துருவிப் பார்த்தால் போதாது. சித்தியின் முதல் அறுவைக்குக் கோப்பு ஒன்று போட்டிருந்தால் அதில் "மார்பகக் கட்டி அகற்றல்" என்றுதான் எழுதியிருப்பார்கள். பயாப்சி முடிவு இணைக்கப்படாத அந்தக் கோப்பைத்தான் திருப்பி அனுப்ப வேண்டும்.