சுற்றிப் பார்த்துக் கட்டு!

விளையாட்டு வினையாகும் என்பர் பெரியோர். விளையாட்டு கல்வியும் ஆகும் என்பது என் அனுபவம்.

கணிப்பொறி விளையாட்டுகளுள் 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' என்று ஒன்று உண்டு. மெக்சிகோ நாட்டில் உருவாகி, 2011இல் முதன்முதலாக வெளிவந்தது. 2015இல் முழுவடிவம் பெற்றது. எரிபொருள் கலன், எஞ்சின், விண்வீரர் அறை என உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி, ராக்கெட்டை நாமே கட்டிப் பறக்கவிட வேண்டும். அதற்கான கூடங்கள் இரண்டு. ஒன்றில் ராக்கெட் நின்றவாறு எழும்பும். மற்றதில் விண்விமானம் படுத்தவாறு உருவாகும்.

வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. விமானக் கூடத்தில் மௌஸின் சக்கரத்தை உருட்டினால் காமிரா நெருங்கும், விலகும். ராக்கெட் கூடத்திலோ அதே சக்கரம் காமிராவை மேலும் கீழும் ஏற்றி இறக்கும். நெருங்கிப் பார்க்க ஷிஃப்ட் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். "ஒரே சக்கரத்துக்கு இடத்துக்கொரு வேலையா?" என்று சலித்துக் கொள்வோர் உளர். நானும் சலித்தவன்தான். இன்று சொல்கிறேன், அந்த ஏற்பாடே சரி.

அமெரிக்காவில் புளோரிடாவிலுள்ள கென்னடி விண்வெளி மையத்தில், 1966இல் கட்டி முடிக்கப்பட்ட கூடத்தை எண்ணிப் பாருங்கள். அதன் உயரம் சுமார் 160 மீட்டர். மனிதனைச் சந்திரனுக்குச் சுமந்து சென்ற, 110 மீட்டர் உயரமுள்ள சாட்டர்ன்-5 ராக்கெட் அங்குதான் நின்ற நிலையில் பூட்டப்பட்டது. பொறியாளர்கள் லிஃப்டில் ஏறி, தளத்துக்குத் தளம் ராக்கெட்டைச் சூழ்ந்து நின்று வேலை செய்தனர். நம் கையிலுள்ள சக்கரமே அந்த லிஃப்ட்! நெடிது உயர்ந்த பொருளைக் கட்டுபவனுக்கு முதல் தேவை ஏறி இறங்குவதுதான்.

ஏறி இறங்கினால் மட்டும் போதுமா? சுற்றியும் வர வேண்டும். மௌஸின் வலப்பொத்தானை அழுத்தி இழுத்தால் காமிரா ராக்கெட்டைச் சுற்றும். இது அழகு பார்ப்பதற்கு என்றே நான் எண்ணியிருந்தேன். அதற்கு விலையும் கொடுத்தேன். பல இரவுகள் முயன்று என் வீரரைச் சந்திரனில் இறக்கினேன். வெளியே வரச் சொன்னால், கதவு அடைபட்டிருக்கிறது என்றது கணிப்பொறி! நடந்தது இதுதான்: முன்புறம் ஒரு கலனைப் பொருத்தினேன், சமச்சீர் அமைப்பு அதன் இரட்டையைத் தானாகவே பின்புறம் வைத்துவிட்டது. கதவு இருந்ததும் பின்புறமே. கட்டும்போது ஒருமுறை சுற்றிப் பார்த்திருந்தால் போதும்.

"சமச்சீருக்கு ஒரு விசை, நிறைமையத்தைக் காட்ட ஒரு குறி, எல்லாம் இருக்கும்போது காமிராவுக்கு இத்தனை மதிப்பா?" என்று கேட்கலாம். அவை தமக்கு இட்ட வேலையைச் செய்யும். எது எதை மறைக்கிறது என்று சொல்லா. கட்டடத்துக்கு மேல்தோற்றம், முன்தோற்றம், பக்கத்தோற்றம் என மூன்று படங்கள் வரைவது வீண்வேலையா? தட்டையான திரை ஆழத்தை மறைக்கிறது. அதை மீட்டுத் தருவது நகரும் கண் ஒன்றே.

சக்கரமில்லாத மடிக்கணினியில் இப்பழக்கம் எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் நண்பர்களே, காமிராவைப் பழகிய பின்னரே முதல் உறுப்பைத் தொடுங்கள். என் வீரர் இன்னும் சந்திரனில் கதவுக்குப் பின்னால்தான் காத்திருக்கிறார்.

- இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவன்