முதலில் வைத்தியசாலை, பிறகு பட்டமளிப்பு: புல்மோட்டையிலிருந்து ஒரு நிலைப்பாடு

திருகோணமலை மாவட்டத்துக்குப் போதனா வைத்தியசாலையோடு கூடிய சர்வதேசப் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பதே எமது அமைப்பின் பதில். ஆனால் அது முதலில் வைத்தியசாலையாக வரவேண்டும். கட்டடத்தின் வரைபடத்தை மட்டும் காட்டினால் எமது ஆதரவு கிடைக்காது.

புல்மோட்டையிலிருந்து திருகோணமலைப் பொது வைத்தியசாலை 50 கிலோமீற்றருக்கு மேல். பிரசவம் சிக்கலானால் "திருகோணமலைக்கு ஏத்துங்கோ" என்பார்கள். அம்புலன்ஸ் குச்சவெளி, நிலாவெளி தாண்டி ஓடும். துணிப்பையும் சுடுதண்ணிப் போத்தலும் மடியிலிருக்க, மகளின் கையைப் பிடித்தபடி உம்மா கூடப் போவார். அந்த ஒரு மணித்தியாலப் பயணம்தான் எமது வாதத்தின் அடிப்படை.

2009 மார்ச்சில், வன்னிப் போரில் காயப்பட்டவர்கள் கப்பலில் இங்கே கொண்டுவரப்பட்டபோது, இந்திய மருத்துவக் குழு புல்மோட்டையில் கள வைத்தியசாலை நடத்தியது. சத்திரசிகிச்சை நிபுணர்கள் ஊருக்குள்ளேயே இருந்தால் என்ன நடக்கும் என்பதை அப்போது கண்ணால் கண்டோம். பிறகு அந்தக் குழு செட்டிகுளத்துக்கு மாறிப்போனது.

தமிழ்நாட்டின் வேலூரில் மிஷன் மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டில் கொண்ட சிகிச்சை நிலையத்தோடுதான் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல் வந்தது, எம்.பி.பி.எஸ். கற்கை 1942இல்தான். இன்று உலகெங்கும் அறியப்பட்ட அந்தக் கல்லூரி நோயாளரைச் சுற்றியே வளர்ந்தது. எமது மண்ணிலும் 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் நோயாளரைப் பார்த்துக்கொண்டே மாணவரைப் பயிற்றுவித்தார், அதுவும் தமிழில்.

தனியார் மருத்துவக் கல்லூரிகள் தடுமாறிய மறுபக்கத்தையும் இந்நாடு பார்த்திருக்கிறது. 1981இல் ராகமையில் தனியார் நிறுவனமாகத் தொடங்கிய வட கொழும்பு மருத்துவக் கல்லூரியை 1989இல் அரசு பொறுப்பேற்றது. பின்னர் அது களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமானது. மாலபேயின் சைட்டம் தனியார் மருத்துவக் கல்லூரியில் மாணவரைச் சேர்த்த பிறகே, அவர்களுக்குப் போதிய சிகிச்சைப் பயிற்சி கிடைக்கிறதா என்ற சர்ச்சை நாட்டை உலுக்கியது. 2017இல் அதைக் கலைக்க அரசு முடிவெடுத்தது. இடையில் அலைக்கழிந்தது பிள்ளைகள்தான். அந்த நிலை எமது மாவட்டத்தில் வரவே கூடாது.

ஆகவே, எந்த நாட்டுப் பல்கலைக்கழகம் வந்தாலும் அதன் போதனா வைத்தியசாலை அரச வைத்தியசாலையாக, கட்டணமின்றி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். மகப்பேறு, சத்திரசிகிச்சை, குழந்தை மருத்துவ விடுதிகள் நிபுணர்களோடு இயங்கத் தொடங்கிய பின்னரே முதல் மாணவர் தொகுதியைச் சேர்க்க வேண்டும். இறுதியாண்டு மாணவர் தம் பயிற்சியின் ஒரு பகுதியைப் புல்மோட்டை வைத்தியசாலையில் கழிக்க வேண்டும். நிபுணர் ஒருவர் மாணவரோடு வந்து தங்கினால், தென்னமரவடியிலிருந்தும் கொக்கிளாயிலிருந்தும் வரும் நோயாளியும் அவரைக் காணலாம். தாதியர் பயிற்சியில் இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும்.

இக்கடற்கரையின் கனிய மணலிலுள்ள இல்மனைட்டும் ரூட்டைலும் சிர்க்கோனும் பல பத்தாண்டுகளாக அள்ளிச் செல்லப்படுகின்றன. அந்த வருமானத்தில் ஒரு பங்கை இந்த வைத்தியசாலைக்கு ஒதுக்குவது நியாயம்.

சுகாதார அமைச்சும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் இந்த நிபந்தனைகளை எழுத்தில் ஏற்ற பிறகே அரசு எந்த உடன்படிக்கையிலும் கையொப்பமிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.